நின்றுபோன தேதி: வியாசர்பாடி படிப்பகத்தில் இணையமில்லாத லினக்ஸ் கணினிகளைப் புதுப்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வியாசர்பாடியில் உள்ள ஒரு படிப்பகம் இது. முன்னறையில் நாளிதழ் மேசையும் கேரம் போர்டும், உள்ளறையில் ஒன்பது டெஸ்க்டாப் கணினிகளும் இருக்கின்றன. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள், தமிழ்த் தட்டச்சு பழகுகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று மாலை ஆறு மணிக்கு மேல் நாற்காலி கிடைப்பதே கஷ்டம். பொறுப்பாளர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பகுதிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'தான், வயது வித்தியாசம் பார்ப்பதில்லை.

கணினிகள் எல்லாம் ஓர் அலுவலகம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தவை. லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 12-ஆம் பதிப்பு (டெபியன் 12) 2023 ஜூன் 10 அன்று வெளியானது. அதற்கு அடுத்த மாதம் தன்னார்வலர்கள் சிலர் எட்டு கணினிகளில் அதை நிறுவினார்கள். எட்டும் ஒரே மாடல், ஒரே நிறுவல் டிவிடி, எக்ஸ்எஃப்சிஇ என்ற ஒரே டெஸ்க்டாப் தோற்றம். ஒன்பதாவது மட்டும் பழைய 32 பிட் மெஷின். அதற்கென்று தனியாக 32 பிட் டெபியன் போட்டிருந்தார்கள். அப்போது அங்கே பிராட்பேண்ட் இணைப்பு இருந்தது, ஆனாலும் நிறுவிய பிறகு யாரும் புதுப்பிப்பை ஓட்டவில்லை. பேக்கேஜ்களை (நிரல் பொதிகளை) நிறுவும் டிபிகேஜி கருவியின் பதிவுக் கோப்பில் ஜூலை 2023-க்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வடசென்னையில் தண்ணீர் வடியப் பல நாள் ஆனதை இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனும் தெருப் பையன்களும் தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பே சிபியுக்களைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அதனால் ஒரு மெஷினும் கெடவில்லை. இணைய இணைப்பு மட்டும் அறுந்துபோனது. மார்ச் மாதம் கணினிகளைக் கீழே இறக்கி மாட்டியபோது, இணைப்பைத் திரும்ப வாங்க வேண்டாம் என்று படிப்பகக் குழு முடிவெடுத்தது. இணையம் இருந்த காலத்தில் படிக்க வந்தவர்களுக்கு இடமில்லாமல் வீடியோ பார்க்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவர்கள் அனுபவம். அந்த அறை எதற்காக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த முடிவை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்த வேலை முழுவதும் அதற்குள் நின்றுதான் நடந்தது.

இணையம் இல்லாத கணினிக்கு எதற்குப் புதுப்பிப்பு என்று பலர் கேட்பார்கள். இங்கே தினமும் இருபது முப்பது பென் டிரைவ் வந்து போகிறது. வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப், போனில் இருந்து எடுத்த படம், வேறெங்கோ டைப் செய்த பயோடேட்டா எல்லாம் இந்தக் கணினிகளில்தான் திறக்கப்படுகின்றன. 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வகைப் படங்களைத் திறக்கும் லைப்ரரியில் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைநிரலில்) ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. ஒரு படத்தைத் திறந்தாலே போதும், தாக்க முடியும் என்ற வகை. ஜூலையோடு நின்றுபோன இந்தக் கணினிகளில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது.

முதல் முயற்சி

2024 ஜூன் 9 அன்று குரூப் 4 தேர்வு முடிந்து கூட்டம் கொஞ்சம் குறைந்தது. அங்கே படித்து வளர்ந்த ஒரு கல்லூரி மாணவர், கணினிகளைப் புதுப்பித்துத் தருவதாகத் தானே முன்வந்தார். செய்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடு. கல்லூரி லேபிலிருந்து டெபியன் 12-இன் 64 பிட் பேக்கேஜ்களையும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் மிரர் முறையில், அதாவது டெபியனின் பேக்கேஜ் களஞ்சியத்தை அப்படியே நகலெடுத்து, டெபியனின் டிஜிட்டல் கையொப்பங்களோடு சேர்த்து, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வந்தார். பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் வரியில் டிஸ்க்கின் பாதையைக் கொடுத்து, பேக்கேஜ்களைத் தேடி நிறுவும் ஆப்ட் கருவியின் அப்டேட் கட்டளையை ஓட்டினார். 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஆப்ட் மறுத்துவிட்டது. ரிலீஸ் கோப்பு என்பது களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் முகப்புக் கோப்பு.

டிஸ்க்கில் காப்பி சரியாக ஆகவில்லை என்று அவர் நினைத்துவிட்டார். நேரம் இல்லை, அண்ணனிடம் முடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். தன் லேப்டாப்பில் இருந்த உபுண்டு 24.04 என்ற வேறொரு லினக்ஸிலிருந்து லிப்ரே ஆபிஸ், தமிழில் தட்ட உதவும் ஐபஸ், தமிழ் எழுத்துருக்கள் ஆகியவற்றின் டெப் கோப்புகளை (நிறுவல் பொதிகளை) இறக்கி, பென் டிரைவில் போட்டு, டிபிகேஜியில் நேரடியாக நிறுவப் பார்த்தார். சார்புகள் (ஒரு நிரல் ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) இல்லை என்று அது சொன்னது. சார்புகளைக் கண்டுகொள்ளாமல் திணிக்கும் விருப்பத்தோடு மறுபடி ஓட்டினார். இரண்டு கணினிகளில் இப்படிச் செய்த பிறகு, லிப்ரே ஆபிஸ் திறக்கவில்லை, தமிழில் தட்டவும் முடியவில்லை. அதோடு நிறுத்திவிட்டார். நிறுத்தியது மிக நல்ல முடிவு.

நேரில் கண்டவை

ஆகஸ்ட் நடுவில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நான் பெரம்பூரில் இருக்கிறேன், சிஸ்டம் நிர்வாக வேலை. படிப்பகத்துக்கு நடந்தே போய்விடலாம்.

கெட்டுப்போன இரண்டையும் முதலில் தொடாமல், நன்றாக இருந்த ஒன்றை ஆன் செய்யச் சொன்னேன். கறுப்புத் திரையில் சிமாஸ் (மதர்போர்டின் அமைப்புகளையும் நேரத்தையும் வைத்திருக்கும் நினைவகம்) பிழை என்று காட்டி எஃப்1 அழுத்தச் சொன்னது. பக்கத்தில் இருந்த எட்டாம் வகுப்புப் பையன் திரையைப் பார்க்காமலேயே கை நீட்டி எஃப்1 அழுத்தினான். தினமும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. டெஸ்க்டாப் வந்ததும் மூலையில் தேதி பார்த்தேன். டிசம்பர் 2023 கடைசி வாரம். அடுத்த கணினியில் 2024 ஜனவரி முதல் வாரம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தேதி.

"தேதி எவ்ளோ நாளா இப்டிக் காட்டுதுண்ணே?"

"அது மேல இருந்து எறக்குனதுல இருந்தே அப்டித்தான்பா. டைப்பிங்குக்கு எதுக்குத் தேதின்னு வுட்டுட்டோம்."

மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல், பரணில் கிடந்த மாதங்களில் தீர்ந்துபோயிருந்தது. ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்ததும் கடிகாரம் நினைவிழந்துவிடும். அப்படியானால் தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போயிருக்க வேண்டும், பார்த்தவுடன் யாரும் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆனால் டெபியன் 12-இல் சிஸ்டம்டி என்ற அடிப்படை மென்பொருளின் நேரச் சேவை, கடைசியாக ஓடிய நேரத்தை டிஸ்க்கில் அவ்வப்போது குறித்துவைக்கிறது. அடுத்த முறை ஆன் ஆகும்போது கடிகாரம் அதற்குப் பின்னால் இருந்தால், குறித்த நேரத்துக்கு அதைத் தள்ளிவிடும். ஆக, ஒரு மாலையில் நாலு மணி நேரம் கணினி ஓடினால் அதன் காலமும் நாலு மணி நேரம்தான் நகரும். மழை வந்த வாரத்தில் நின்ற தேதி, ஐந்து மாதத்தில் சில வாரங்களே நகர்ந்திருந்தது. தப்பு பெரிதாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இப்போது மாணவரின் பிழைச்செய்தி தெளிவாகிவிட்டது. டெபியனின் ரிலீஸ் கோப்பில் அது உருவான தேதி இருக்கும். தன் கடிகாரத்தை விடப் பிந்தைய தேதியுள்ள கோப்பை ஆப்ட் ஏற்காது. டிசம்பர் 2023-இல் நிற்கும் கணினிக்கு ஜூலை 2024-இன் கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்தது. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு பட்டன் செல் தீர்ந்ததில் தொடங்கி லிப்ரே ஆபிஸ் திறக்காமல் போனது வரை ஒரே சங்கிலி.

கெட்ட இரண்டு கணினிகளையும் பிறகு பார்த்தேன். உபுண்டுவும் டெபியனும் ஒரே டெப் கோப்பு வகையைப் பயன்படுத்துவதால் மாற்றிப் போடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருப்பது சி லைப்ரரி; உபுண்டு 24.04-இன் பேக்கேஜ்கள் கேட்கும் சி லைப்ரரி டெபியன் 12-இல் இருப்பதைவிடப் புதியது: அங்கே 2.39, இங்கே 2.36. அது மட்டுமல்ல, 2038-ஆம் ஆண்டுப் பிரச்சினையை (32 பிட்டில் எண்ணும் நேரம் அந்த ஆண்டில் நிரம்பிவிடும் கோளாறை) தீர்ப்பதற்காக 24.04-இல் பல லைப்ரரிகளின் பெயரோடு 'டி64' என்ற வால் சேர்ந்துவிட்டது. அந்தப் பெயர்களில் டெபியன் 12-இல் எதுவுமே கிடையாது. எவ்வளவு தேடினாலும் அந்தச் சார்புகள் நிறைவேறாது. இரண்டில் ஒரு கணினியில் சி லைப்ரரியே உபுண்டுவினுடையதாக மாறியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

போன் ஹாட்ஸ்பாட்டில் ஒவ்வொன்றாகப் புதுப்பிப்பது முதலில் தோன்றும் வழி. எட்டு கணினியும் ஒரே பேக்கேஜ்களை எட்டு முறை இறக்கும், தினசரி டேட்டா அதிலேயே போய்விடும். அதைவிட முக்கியம், நான் வராத மாதத்தில் இந்த வழி நின்றுவிடும். அண்ணனும் அந்தப் பிள்ளைகளும் தாங்களே தொடரக்கூடிய முறை வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

மாணவரின் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் அதையே அடித்தளமாக வைத்தோம். ஜூன் 29 அன்று வந்த 12.6 வெளியீட்டின் பேக்கேஜ்கள் அதில் முழுமையாக இருந்தன. ஒரு வருடத்துத் திருத்தங்களில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். அவர் உழைப்பு வீணாகவில்லை என்று அவருக்குத் தெரியவேண்டும் என்பதும் எனக்கு முக்கியமாக இருந்தது. அவரையே பக்கத்தில் உட்காரவைத்துத்தான் எல்லா வேலையும் நடந்தது.

கெட்ட இரண்டையும் பிரித்துச் சரிசெய்வதா, மறுபடி நிறுவுவதா என்று யோசித்தோம். சி லைப்ரரியைப் பழைய பதிப்புக்கு இறக்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. நடுவில் தவறினால் எந்த நிரலும் ஓடாது. இன்னொன்றைக் கையால் பிரித்துச் சரிசெய்திருக்கலாம். ஆனால் எட்டும் ஒரே நிலையில் இருந்தால்தான் பின்னால் வேலை எளிது. அதனால் பயனர் கோப்புகளை எடுத்துவைத்துவிட்டு, நல்ல கணினி ஒன்றின் பிம்பத்தை (டிஸ்க்கின் முழு நகலை) குளோன்சில்லா என்ற கருவி மூலம் இரண்டிலும் இறக்குவது என்று முடிவானது.

32 பிட் மெஷினை அப்படியே விட்டோம். அதற்கான பேக்கேஜ்கள் வேறு, தனியே ஒரு முழு ஏற்பாடு வேண்டும். அதன் யுஎஸ்பி துளைகளை பயாஸில் (மதர்போர்டின் தொடக்க அமைப்பில்) அடைத்து, யுஎஸ்பி வேண்டாத பழைய பிஎஸ்/2 கீபோர்டு மாட்டி, தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கினோம்.

வேலை நடந்த விதம்

முதல் வேலை செல். பெரம்பூர் வாட்ச் கடையில் சிஆர்2032 செல்களை வாங்கி ஒன்பதிலும் மாற்றினோம். போனைப் பார்த்துத் தேதி, நேரம் வைத்து, அதை வன்பொருள் கடிகாரத்திலும் எழுதினோம். மெயின் சுவிட்சை அணைத்து, மறுநாள் மாலை ஆன் செய்து, தேதி நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

ஒரு கணினியை மாதிரியாக எடுத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கை மாட்டி ஆப்ட் அப்டேட் ஓட்டினோம். முக்கியக் களஞ்சியம் உடனே ஏற்கப்பட்டது. பாதுகாப்புக் களஞ்சியத்துக்கு இப்போது நேர் எதிரான பிழை: ரிலீஸ் கோப்பு காலாவதியாகிவிட்டது. டெபியன் பாதுகாப்புக் களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்புக்கு ஒரு வாரம்தான் ஆயுள். பழைய பட்டியலைக் காட்டியே யாரும் ஒரு கணினியை ஓட்டையோடு நிறுத்திவைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. இந்தச் சோதனையை ஒரு வரியில் அணைத்துவிடலாம். இணையமில்லாத கணினி பற்றி எழுதுகிற பலரும் முதலில் சொல்வது அதுதான். நாங்கள் அணைக்கவில்லை. ஒரு முறை அணைத்தால் அந்த வரி கோப்பிலேயே தங்கிவிடும், பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முக்கியக் களஞ்சியத்தை மட்டும் வைத்து 12.6 வரை ஏற்றினோம். டிஸ்க்கை ஒவ்வொரு நல்ல கணினியிலும் மாட்டி இதையே செய்தோம்.

அதே டிஸ்க்கிலிருந்து ஆப்ட்-ஆஃப்லைனையும் நிறுவினோம். ரித்தேஷ் ராஜ் சர்ராஃப் என்ற டெபியன் உருவாக்குநர் எழுதிய கருவி இது. வேலை செய்யும் முறை எளிது. இணையமில்லாத கணினியில் 'செட்' கட்டளை ஓட்டினால், எனக்கு இன்னின்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பு எழுதித் தரும். இணையமுள்ள கணினியில் 'கெட்' ஓட்டினால், அந்தக் கோப்பைப் படித்து வேண்டியதை எல்லாம் இறக்கி ஒரே ஜிப்பாகக் கட்டும். திரும்பிவந்து 'இன்ஸ்டால்' ஓட்டினால் உரிய இடத்தில் போட்டுவிடும். பலசரக்குக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிற மாதிரிதான். வீட்டில் என்ன தீர்ந்திருக்கிறது என்று பார்த்துதான் சீட்டு எழுத முடியும். பென் டிரைவ் நிறைய டெப் கோப்புகளைக் கொண்டுபோய்க் கொட்டும் முறை தோற்பதற்குக் காரணம், அதில் சீட்டு இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியலைப் புதுப்பிப்பதையும் பேக்கேஜ்களை மேம்படுத்துவதையும் ஒரே சீட்டில் கேட்டால், மேம்படுத்த வேண்டியவை பழைய பட்டியலை வைத்தே கணக்கிடப்படும். அதனால் முதல் சுற்றில் பட்டியல் மட்டும், அடுத்த சுற்றில் பேக்கேஜ்கள் என்று பிரித்தோம்.

அந்த இரண்டு சுற்றுக்கும் நடுவில்தான் தடங்கல் வந்தது. ஆகஸ்ட் 31 அன்று டெபியன் 12.7 வெளியானது. எங்கள் சீட்டு அதற்கு முந்தைய பட்டியலை வைத்து எழுதியது. வீட்டில் 'கெட்' ஓட்டியபோது சில பேக்கேஜ்களுக்கு 404 (கோப்பு இல்லை என்ற பிழை) வந்தது. பழைய பதிப்புகள் களஞ்சியத்தை விட்டுப் போய்விட்டன. புதிய பட்டியல் எடுத்து, புதிய சீட்டு எழுதி, அன்றே இறக்கி முடித்தோம். சீட்டு எழுதுவதற்கும் இறக்குவதற்கும் இடையில் நாள் போகக் கூடாது.

மாதிரிக் கணினியில் இன்ஸ்டால் முடிந்ததும் மற்றவற்றுக்குப் பரப்ப வேண்டும். இணையம் இல்லாத இடத்தில் நெட்வொர்க்கும் கிடையாது என்று நினைத்துவிடுகிறோம். படிப்பகத்தில் பழைய சுவிட்ச் ஒன்றும் கேபிள்களும் மழைக்கு முந்தைய காலத்திலிருந்தே சுவரில் கிடந்தன. அதை உயிர்ப்பித்து, மாதிரிக் கணினியின் ஆப்ட் பட்டியல்களையும் இறக்கியவை தங்கும் கேஷ் கோப்புறையில் இருந்த டெப் கோப்புகளையும் மற்ற ஐந்துக்கும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் அனுப்பினோம். பிறகு ஒவ்வொன்றிலும் எதையும் இறக்காதே என்ற விருப்பத்தோடு ஆப்ட்-கெட் அப்கிரேடு. இங்கே ஆப்ட் கட்டளையை ஓட்டக் கூடாது, ஆப்ட்-கெட் ஓட்ட வேண்டும். ஆப்ட் நிறுவி முடித்ததும் தான் இறக்கிய டெப் கோப்புகளை கேஷிலிருந்து அழித்துவிடும். ஆப்ட்-கெட் வைத்துக்கொள்ளும், நமக்கு அவை வேண்டும்.

கடைசியாக, மாதிரிக் கணினியின் பிம்பத்தைக் கெட்ட இரண்டிலும் இறக்கி, கணினிப் பெயரையும் மெஷின் அடையாள எண்ணையும் எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக இணையும் வசதி) சாவிகளையும் மாற்றினோம். எட்டும் ஒரே நிலைக்கு வந்தன.

பின்னர் நடந்தவை

தமிழ்99 விசைப்பலகை திரும்ப வந்ததில் சந்தோஷப்பட்டவர்கள் தட்டச்சு பழகும் பெண்கள்தான். அவர்களில் ஒரு அக்கா, கெட்டுப்போயிருந்த கணினி எதுவென்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே அதில் உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்துப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அண்ணன் முகம் தெளிந்தது.

சின்னச் சிக்கல் ஒன்று மிச்சம் இருந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சேமித்த கோப்புகள் எல்லாம் டிசம்பர், ஜனவரி தேதிகளோடு இருக்கின்றன. தேதி வரிசையில் தேடுகிறவர்களுக்கு அவை பின்னால் போய்விட்டன. கோப்பின் தேதியைத் திருத்த முடியும், ஆனால் உண்மையான தேதி எங்கும் பதிவாகவில்லை. அப்படியே விட்டுவிட்டு, சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினோம்.

அக்டோபரில் மாணவரே ஆப்ட்-ஆஃப்லைனில் விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் நிரலைக் கேட்டு ஒரு சீட்டு எழுதினார். தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரே கோப்பாக வந்து, மாதிரிக் கணினியிலிருந்து சுவிட்ச் வழியாக எட்டுத் திரைக்கும் போகிறது. பொது அறிவுக்குப் படிக்கிறவர்கள் அதைத்தான் அதிகம் திறக்கிறார்கள். இணையம் வேண்டாம் என்ற குழுவின் முடிவு அறிவு வேண்டாம் என்ற முடிவாக ஒருபோதும் இருந்ததில்லை. இதைப் பார்த்தபோது எனக்கு அது உறுதியானது.

2025 ஜனவரி 11 அன்று 12.9 வந்தது. அந்தப் புதுப்பிப்பை மாணவரும் அண்ணனும் செய்தார்கள். நான் போகவில்லை.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

இப்போது ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டு இருக்கிறது. புதுப்பிப்பைத் தொடங்கும் முன் முதல் வரியில் திரையில் தெரியும் தேதியும் போனில் தெரியும் தேதியும் எழுத வேண்டும். எஃப்1 கேட்டால் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.

பட்டியலுக்கு ஒரு சுற்று, பேக்கேஜ்களுக்கு ஒரு சுற்று என்று போவதையும் குறைத்துவிட்டோம். கிளம்பும்போது மாதிரிக் கணினியின் டிபிகேஜி நிலைக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வருகிறோம். எந்தெந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்பது முழுவதும் அந்த ஒரே கோப்பில் இருக்கிறது. வீட்டில் ஒரு மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில்) டெபியன் 12 வைத்து, ஆப்டிடம் அந்த நிலைக் கோப்பைக் காட்டி, இறக்க மட்டும் சொன்னால், படிப்பகக் கணினிக்கு என்ன வேண்டுமோ அதை அப்படியே இறக்கித் தருகிறது. எல்லாக் கணினியும் ஒரே நிலையில் இருப்பதால்தான் இது முடிகிறது. அதனால் யாரும் தனியாக ஒரு கணினியில் மட்டும் எதையும் நிறுவுவதில்லை, வேண்டுமென்றால் நோட்டில் எழுதிக் கேட்கிறார்கள்.

தொடக்கத்திலேயே வேறு மாதிரி செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. 2023-இல் நிறுவியவர்கள் கிளம்பும் முன், புதுப்பிப்பு யார் பொறுப்பு, எப்படிச் செய்வது என்று ஒரு தாள் எழுதி வைத்திருக்கலாம். கணினி கொடுக்கிறவர்களும் நிறுவிக் கொடுக்கிறவர்களும் அதோடு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டும் என்று ஒரு வரி இருந்திருந்தால்கூட அந்த மாணவர் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்.

டெபியன் 13 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. டெபியன் 12-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2026 ஜூன் வரை, நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அடுத்த பதிப்புக்கு மாறுவதை மாதிரிக் கணினியின் பிம்பத்தில் முதலில் செய்து பார்த்துவிட்டு, தேர்வுகள் இல்லாத ஒரு மாதத்தில் எட்டிலும் செய்யலாம் என்று குழு பேசிவைத்திருக்கிறது. டெபியன் 13-க்கு 32 பிட் நிறுவி கிடையாது. அந்த ஒன்பதாவது மெஷினுக்கு மாற்று தேட வேண்டும்.